இடம் இருக்கிறது, அதில் கார் நிற்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

நெரிசலான நகரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட இடம் எங்கே இருக்கிறது என்று வாசகர் ஒருவர் உங்கள் பக்கத்தில் கேட்டிருந்தார். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இடம் இருக்கிறது, அதில் காலையிலிருந்து ராத்திரி வரை கார்கள் சும்மா நிற்கின்றன. டோக்கியோவில் வண்டி நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டாமல் கார் வாங்கிப் பதிவு செய்ய முடியாது. ராத்திரி முழுக்கத் தெருவில் விட்டு வைக்கவும் முடியாது. அங்கே குறுகலான தெருக்களில்கூடப் பாட்டிமார் நிம்மதியாக சைக்கிளில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெதர்லாந்துக்காரர்களுக்கு சைக்கிள் ரத்தத்திலேயே ஊறியது, மற்றவர்களுக்கு ஒத்துவராது என்று சொல்வதும் சரியில்லை. அங்கேயும் ஒரு காலத்தில் காருக்காக ஊரை இடித்தார்கள். 1971-ல் மட்டும் 3,000 பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சைக்கிள் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரம் 1977-ல் செய்த வேலை. மையப் பகுதியை நான்கு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து பக்கத்துத் துண்டுக்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளியே வந்து சுற்றுச்சாலை வழியாகத்தான் மறுபடி உள்ளே நுழைய வேண்டும், ஆனால் நடந்தோ சைக்கிளிலோ போகிறவர் நேராகப் போய்விடலாம். கடைக்காரர்கள் கொதித்தார்கள்தான். ஆனால் சுற்றுச்சூழல் உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை, எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அதில் ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள்.

அப்புறம் இந்த வெள்ளைக் கோடு விஷயம். நின்றிருந்த கார்களை ஒட்டிக் கோடு போட்டு 'சைக்கிள் பாதை' என்று எழுதியிருந்த சாலையில், திடீரெனத் திறந்த கார் கதவில் மோதி நான் விழுந்திருக்கிறேன். முழங்கை பெயர்ந்ததைவிட, பின்னால் வந்த லாரி சரியான நேரத்தில் நின்றதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பாதையை நடைபாதைப் பக்கம் தள்ளி, ஒரு படி உயர்த்தி, கார்களை அதற்கு வெளியே நிறுத்துகிறார்கள். சில முக்கியச் சாலைகளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் வரிசையாகப் பச்சை விளக்கு கிடைக்கும். சிவப்பில் நிற்க நேர்ந்தால், இறங்காமலே காலை வைத்துக்கொள்ள ஒரு கம்பிகூட சில சந்திப்புகளில் உண்டு. சின்ன விஷயம்தான், ஆனால் அதை யோசித்தவர் தானும் சைக்கிள் ஓட்டுகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

ரயிலோடு சேராத சைக்கிள் பாதை பாதிக் கிணறுதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் அடியில் சுமார் 12,500 சைக்கிள் நிறுத்தலாம். மூன்று மாடி, உள்ளே சைக்கிளை ஓட்டிக்கொண்டே போய் விட்டுவிட்டுப் படியேறி ரயிலைப் பிடிக்கலாம்.

அவ்வளவு பெரிதாக யாரும் உடனே கட்ட வேண்டாம். எந்தச் சாலையையும் எப்படியும் ஒருநாள் தோண்டி மூடத்தான் போகிறார்கள். அப்போது ஒரு பக்கக் கார் நிறுத்தத்தை எடுத்துவிட்டு, ஒரு படி உயரத்தில் பாதை போடட்டும்.

இப்படிக்கு,
சைக்கிளில் போகும் ஒரு வாசகன்