மூதூர்த் தம்பி கையில் கொடுத்துவிட்ட எண்ணெய்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம், கால் வீக்கம் பரவாயில்லை. உன் அறையில் இருக்கிற மூதூர்த் தம்பி ஞாயிற்றுக்கிழமை உவர்மலைக்குத் தேடிவந்து நீ கொடுத்துவிட்ட சாமான்களைத் தந்துவிட்டுப் போனான். தேத்தண்ணி குடிக்கும்போது போனில் உங்கள் அறைப் படங்களைக் காட்டினான். ஒன்றில் நீ குனிந்து சோறு போட்டுக்கொண்டிருக்கிறாய். உச்சியில் தோல் தெரிகிறது, காதோரம் வெள்ளை. உன்னோடு வேலை செய்கிற வயதான ஆள் யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்கு இன்னும் 32 முடியவில்லை.

அதனால்தான் இந்த எண்ணெய். அம்மா காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சியிருக்கிறேன், சிரிக்காதே. தம்பலகாமத்து வயல் வரம்பில் பிடுங்கின கையாந்தகரையைப் பெரியக்கா கொண்டுவந்து தந்தாள். அதை இடித்துச் சாறு பிழிந்து, நெல்லிக்காய்ச் சாறும் விட்டு, கிணற்றடிக் கறிவேப்பிலை இரண்டு பிடி, செவ்வரத்தம் பூ, கொஞ்சம் வெந்தயம், இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய். முதல் தரம் அடுப்பில் வைத்துவிட்டு ரேடியோவில் செய்தி கேட்கப் போய் எல்லாம் கருகிவிட்டது. எண்ணெய் விற்கிற விலைக்கு அம்மா இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். இரண்டாம் தரம் அடுப்படியை விட்டு அசையவில்லை. சாற்றுத் தண்ணீர் வற்றும்வரை சட்டி சிடுசிடுத்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் அடங்கினால் இறக்கிவிட வேண்டும். ஒரு திரியைத் தோய்த்துக் கொளுத்திப் பார்த்தேன், வெடிக்காமல் எரிந்தது. வெடித்தால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், எண்ணெய் சீக்கிரம் பழுதாகிவிடும்.

ஆண்களுக்குச் சனிக்கிழமைதான் என்று அம்மா நிற்பாள். உனக்கு வெள்ளிதானே லீவு, வெள்ளியே வை. ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு முழுகு. எண்ணெய்த் தலையோடு ஏசி அறையில் படுக்காதே, தடிமன் பிடிக்கும். வெந்தயத்தை இரவே ஊறப்போட்டு அரைத்துத் தலையில் அப்பினாலும் நல்லது, ஆனால் ஆறு பேர் இருக்கிற அறையில் அம்மிக்கு எங்கே போவாய். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதே, தலைத்தோல் எரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளுத்த மயிர் இதனால் கறுக்காது. வேரில் நிறம் ஊட்டுகிறது ஓய்ந்துவிட்டால் எந்த எண்ணெயாலும் முடியாது, இருக்கிற மயிர் காய்ந்து உடையாமல் காக்கும், அவ்வளவுதான். டிஸ்பென்சரி டொக்டர் சொன்னது. என் தலையும் 30இலேயே நரைத்ததுதான், அந்தப் பங்கு என்னுடையது. அதற்காகக் கடையில் கறுப்பு மருதோண்டி என்று விற்கிறதை வாங்கிப் பூசாதே. நல்ல மருதோண்டி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். கறுப்பு என்று விற்கிறதில் பெரும்பாலும் சாயம் கலந்திருக்கும், சிலருக்கு முகமே வீங்கிப்போகும்.

கொட்டுகிறதைப் பற்றியும் கேட்டேன். ஒரு நாளைக்கு 50, 100 விழுவது எல்லோருக்கும் வழக்கமாம். இரும்புச்சத்துக் குறைந்தாலும் கொட்டும், தைரொயிட் இருந்தாலும் கொட்டும், இரத்தம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். சோதி. கட்டாயம் சோதி. முட்டை சாப்பிடு, கீரை கிடைத்தால் சாப்பிடு, நித்திரை கொள். பெரிய காய்ச்சலோ பெரிய துக்கமோ வந்தால் உடனே இல்லையாம், 2, 3 மாதம் கழித்துத்தான் கொத்துக்கொத்தாகப் போகுமாம், பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் நின்று திரும்ப முளைக்குமாம். துக்கம் ஏதும் உண்டா என்று கேட்டார். தாய் போய் ஒன்றரை வருடம் என்றேன். அப்படியென்றால் இப்போது நின்றிருக்க வேண்டுமே என்றார்.

நீ மாதம் தவறாமல் காசு அனுப்புகிறாய். மோட்டார் போட்டாயிற்று, கூரை மாற்றியாயிற்று, ஒழுங்கையில் எல்லோரும் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். போன் எடுத்தால் இரண்டு நிமிடம், முகம் காட்டு என்றால் கமெரா பழுது. ஏழு மாதமாகப் பழுது.

தம்பி, அந்தச் சாட்டு எனக்குத் தெரியும். அது நான் சொன்னது. மருந்து ஏற்றத் தொடங்கி மூன்றாம் கிழமை அம்மாவின் தலையணை முழுக்க மயிர், அதற்குப் பிறகு உனக்கு முகம் காட்ட முடியவில்லை, போன் கமெரா பழுது என்று சொன்னேன். திருத்தச் சொல்லி நீ காசு அனுப்பினாய். அந்தக் காசில்தான் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வான் பிடித்தேன்.

அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அப்படி இல்லை. “அவனுக்குச் சொல்லுங்கோ” என்று இரண்டு தரம் கேட்டாள். உன் ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தது, பாதியில் விட்டுவிட்டு வந்தால் டிக்கெட் காசும் போகும், ஏஜென்சிக் கடனும் நிற்கும் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை தாங்குவாள் என்று நினைத்தேன். சின்னமாமா மகன் கொள்ளி வைத்தான், நீ கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் வந்து சேர்ந்தாய். வெந்நீர்க் கிணறு ஏழிலும் அள்ளி ஊற்றிக்கொண்டு மொட்டைத் தலையோடு நின்றாய், என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். கோபம்தான், இல்லையா. பெரியக்காவுக்கும் இது தெரியாது.

சரி. மூதூர்த் தம்பி சனிக்கிழமை இரவு கொழும்பு பஸ் ஏறுகிறான். போத்தலுக்கு இரண்டு பொலித்தீன் சுற்றியிருக்கிறேன், கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். எள்ளுருண்டை பெரியக்கா செய்தது, அவனுக்கும் பாதி கொடு. வெள்ளிக்கிழமை மறக்காதே. இரத்தம் சோதித்தால் துண்டைப் படம் எடுத்து அனுப்பு.

பெரிய போத்தல்தான் நான் காய்ச்சினது. சின்னப் போத்தலில் கால்வாசி இருக்கிறது அம்மா உனக்கென்று கடைசியாகக் காய்ச்சி வைத்தது, அனுப்பாமலே இருந்துவிட்டேன். காறல் மணம் வந்துவிட்டது, அதைத் தலையில் வைக்காதே.

அப்பா