ஏழுமலை நம்பர் இருக்கிறதா?

அன்புள்ள செல்வம்,

முதலில் திட்டி முடித்துவிடு. பொங்கல் சமயத்தில் நீ அத்தனை நீளமாக எழுதியதற்கு, வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனவன் நான். அம்மா நலம், முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. கலாவுக்கு இந்த வருஷமும் மாற்றல் இல்லை. உனக்கு முடி எவ்வளவு மிச்சம் என்று நீயே சொன்னால்தான் உண்டு. புகைப்படத்தில் எப்போதும் தொப்பியோடே நிற்கிறாய்.

போன சனி ஞாயிறு பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போனேன், கலா இல்லாமல். யாழினி பள்ளிப் போட்டிக்குப் பாரதியார் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அர்த்தம் கேட்டால் தெரியாது. சின்னவனிடம் பாரதியார் யாரடா என்றேன். "மீசை" என்றான். அங்கேதான் எனக்கு ஆவேசம் வந்தது. என் ஆவேசங்கள் உனக்குத் தெரியுமே, மூன்று நாளைக்கு மேல் நிற்காது. இந்த முறை நின்றுவிட்டது.

ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவகம். 1908இல் ஆங்கிலேயர் பிடிக்கு எட்டாத பிரெஞ்சு ஊர் என்று வந்தவர், 1918 வரை பத்து வருஷம் புதுச்சேரியில்தான் காலம் தள்ளினார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்தப் பத்து வருஷத்தில் வந்தவை. இதையெல்லாம் நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க, சின்னவன் வாசலில் போன போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வீட்டுக்கும் போனோம். சுப்புரத்தினம் என்ற வாத்தியார் பாரதி மேல் இருந்த பிரியத்தில் பெயரையே மாற்றிக்கொண்டார் என்றதும் யாழினி, "நீங்க யாருக்காவது அப்படி மாத்திப்பீங்களாப்பா?" என்றாள். உன் பெயர்தான் வாயில் வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் கடற்கரை, ஐஸ்க்ரீம், இரண்டு பேருக்கும் சண்டை. அதைச் சொல்ல உனக்கு எழுதவில்லை.

ராத்திரிக்குத்தான் நான் உண்மையில் போட்ட திட்டம். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் நடக்கிறது, அன்றைக்குத் துகிலுரிதல் என்று தெரிந்துகொண்டு போயிருந்தேன். அந்தப் பக்கத்தில் திரௌபதி சாமி. பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதம் சொல்வார், ராத்திரி கூத்து, கடைசியில் போர்க்களச் சடங்கான படுகளம், தீமிதி. தர்மராஜா கோவில் என்று பல ஊர்களில் சொல்வதும் இந்தத் திரௌபதி கோவிலைத்தான். காலையில் பாஞ்சாலி சபதம் எழுதியவரின் தெருப் பலகையில் படித்த பெயர், ராத்திரி கோவில் பந்தலில் எனக்கு முன்னால் வந்து நின்றது.

கூத்து ஆரம்பிக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை பிள்ளைகளை வேஷம் கட்டும் கொட்டகைப் பக்கம் விட்டேன். ஒவ்வொருவரும் கையகலக் கண்ணாடியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தானே முகம் எழுதிக்கொள்கிறார்கள். மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லுகளோடு பாயில் கிடந்தன. சின்னவன் ஒரு கிரீடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கனம் தாங்காமல் வைத்துவிட்டான். மூலையில் ஒருவர், ஐம்பது வயசிருக்கும், புடவை கட்டி முடித்துச் சவுரியைத் தோளில் போட்டபடி பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் திரௌபதி. யாழினியைப் பார்த்ததும் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சாப்ட்டியா பாப்பா?" என்றார்.

இரண்டு பேர் திரையைப் பிடிக்க, பின்னால் துரியோதனன் சலங்கை அதிர ஆடி, முகம் காட்டாமலே பாதி நேரம் பாடினான். முகவீணை, நாயனம் மாதிரிச் சின்ன ஊதுகுழல், காதைக் கிழித்தது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் மைக் செட்காரரை வம்புக்கு இழுத்ததும் சின்னவன் சிரித்துப் புரண்டான், அப்புறம் என் மடியிலேயே தூங்கிப்போனான். (இப்போது வீட்டில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவன்தான் கட்டியக்காரன், அம்மாவின் முட்டி வலிக்குக்கூட கட்டியம் கூறுகிறான்.)

யாழினி தூங்கவில்லை. சூதில் தருமன் ஒவ்வொன்றாக வைத்து இழக்க இழக்க என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். துச்சாதனன் பாஞ்சாலியைக் கூந்தலைப் பிடித்து இழுத்து வரும்போது மணி மூன்று இருக்கும். துணியில் கை வைக்கப் போனவன் சட்டென்று நிறுத்தினான். மத்தளம் நின்றது. யாரோ தட்டில் கற்பூரம் கொண்டுவந்தார்கள். அதுவரை மீசை முறுக்கி உறுமியவன் கற்பூரத்தைக் காட்டி, அந்தப் பீடிக்காரர் முன்னால் கைகூப்பி நின்றான். தாயே, வேஷத்துக்காகச் செய்கிறேன், என் மேல் குற்றம் வைக்காதே என்கிற மாதிரி. பெண்களெல்லாம் எழுந்து கும்பிட்டார்கள். பிறகு மறுபடி மத்தளம், மறுபடி அவன் துச்சாதனன். அவள் கோவிந்தா என்று கத்த, மணலில் உட்கார்ந்திருந்த ஊரே கோவிந்தா என்றது. கலை, மரபு என்று காரில் ஒரு சொற்பொழிவு தயார் செய்து வைத்திருந்தேன் செல்வம். ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

விடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது யாழினி கேட்டாள்: "தப்பு பண்ணப்போறவரு மன்னிப்பு கேட்டாரு. சுத்தி உக்காந்திருந்தவங்க ஏம்ப்பா கேக்கல?" பீஷ்மர், துரோணர், தருமம் என்று என்னவோ சொல்லிப் பார்த்தேன். கைப்பையில் பாஞ்சாலி சபதம் இருந்தது. பொது ஜனங்கள் விரும்பும் மெட்டில் எழுத வேண்டும் என்று முன்னுரையில் சொன்ன மனிதர், பாஞ்சாலியைத் தெருவில் இழுத்துப்போவதைப் பார்த்து நின்ற ஊர்க்காரர்களையும் விடவில்லை. "நெட்டை மரங்களென நின்று புலம்பினார்" என்கிறார். அந்த வரியை யாழினிக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பெண் ஃபீஸ் கட்டவில்லையாம். மூன்று நாள் பின்சுவரோரம் நிற்க வைத்தார்களாம். "எனக்கு முன்பெஞ்ச். நான் திரும்பிக்கூடப் பாக்கலப்பா. பாத்தா அவ அழுவா."

நான் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் பேசினேன். பேசிய லட்சணத்தை நேரில் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிஷம் எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் இப்போது உட்கார்ந்து படிக்கிறாள். யாழினிக்கு நான் பெரிய வீரன். அதுதான்டா தாங்கவில்லை.

ஏனென்றால் அன்றைக்கு டீக்கடையில் அவள் முன்பெஞ்ச் என்றதும் எனக்கு நினைவு வந்தது நம்முடைய முன்பெஞ்ச். பத்தாவது பி. காணாமல் போன தேர்வுக் கட்டணப் பணம். ஏழுமலை சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த மத்தியானம் அவன் யாரோடு எங்கே இருந்தான் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். படத்தின் பெயர்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறோம். இதை மட்டும் நீயும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

அவன் ஆரணியில் பட்டுத் தறி போட்டிருக்கிறான் என்று உன் தம்பி ஒருமுறை சொன்னான். அவனிடம் கேட்டு நம்பர் வாங்கி அனுப்பு. முதலில் நான் பேசுகிறேன். நீ டிசம்பரில் வரும்போது இரண்டு பேருமாகப் போவோம். வர முடியாதென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு, கட்டைவிரல் மட்டும் அனுப்பாதே.

உன்,
ரவி