அந்த ஸ்பிரிங் கிடைத்துவிட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

நம்ம புல்லட்டில் மூன்றாவது கியர் ஆறு மாதமாக நழுவிக்கொண்டிருந்தது. பாலம் ஏறும்போது 'டக்'கென்று விட்டுவிடும், இன்ஜின் மட்டும் அலறும். நாலாவதில் இந்தத் தொல்லை இல்லை. நாலாவதில் மேல் தண்டான மெயின்ஷாஃப்ட்டும் அதன்மேல் ஏறியிருக்கும் ஸ்லீவ் கியரும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நேராகச் சுற்றும். மற்ற மூன்றிலும் கீழே இருக்கிற லேஷாஃப்ட் என்கிற இரண்டாவது தண்டு வழியாகத்தான் சக்தி சுற்றி வரவேண்டும். அதனால் பல்சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டுப் பற்கள் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். திறந்து விரலால் தடவிப் பார்த்தேன். மூலையெல்லாம் சப்பிய கற்கண்டு மாதிரி உருண்டிருந்தது.

திருவொற்றியூரில் செய்த அந்தக் காலத்து வண்டியில் கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. இன்ஜினை இறக்க வேண்டாம். இடது பக்கம் கிளட்சைக் கழற்றிவிட்டால், வலது பக்கமாக உள்ளே இருப்பதை உருவிவிடலாம். என் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தேன். சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து புதுச் சக்கரம் வரவழைத்தாயிற்று.

நட்டுகளை ஒட்டி வைக்கலாம் என்று பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைத் தேடினேன். ஷெட் சுவரில் ஆணியில் தொங்குமே, அதுதான். எத்தனையோ வருஷமாகக் கழற்றாதது. எடுத்துத் திருப்பினால், சுவர்ப் பக்கம் தூசியும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. துணியால் துடைத்தேன். அந்த அழுக்குக்குள்ளிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் எட்டிப் பார்த்தது. அரிசி நீளம்கூட இருக்காது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

1999, உன் நாலாம் வகுப்பு லீவு. கிக்கர் வழுக்குகிறது என்று பிரித்துப் போட்டிருந்தேன். கிக்கர் தண்டின் முனையில் நகம் மாதிரி ஒரு துண்டு இருக்கும். உதைக்கும்போது அது முதல் கியர்ச் சக்கரத்தின் உட்பல்லில் மாட்டித்தான் இன்ஜினைச் சுற்றும். அந்த நகத்தை வெளியே தள்ளுகிற ஸ்பிரிங்தான் காணாமல் போனது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னைத்தான் திட்டினேன். "விளையாட்டுச் சாமானா இது?" என்று கத்தினேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்துப்போய், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வாசல் மண்ணைச் சலித்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், "போதும், எழுந்து வா" என்று கூப்பிடவில்லை. மறுவாரம் கடையில் புதுசு வாங்கிப் போட்டேன். நீ அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் வரவே இல்லை. பெரிய பெண்ணாகிவிட்டாள், படிப்பு இருக்கிறது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

நீ தொலைக்கவில்லை, பாப்பா. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே காந்தத்தில் ஒட்டியிருக்கிறேன், அது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இரண்டு நாள் வேலையைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைதான் பூட்ட உட்கார்ந்தேன். இரண்டு ஷாஃப்ட்டையும் சக்கரங்களோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து, கியர் மாற்றும்போது சக்கரத்தை நகர்த்துகிற ஃபோர்க்கைப் பள்ளத்தில் உட்காரவைத்து, ஒரே சமயத்தில் உள்ளே அனுப்ப வேண்டும். தனித்தனியாகப் போகாது. மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை போனது. பிறகு உள்மூடி. பேக்கிங் வைத்து மூடினால் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி நிற்கிறது. நட்டை இறுக்கி இழுத்தால் வந்துவிடும் போலத்தான் இருக்கும். வரும், விரிசலோடு வரும். அலுமினிய மூடி அது. திரும்பக் கழற்றிப் பார்த்தால் அதே நகம்தான், துருத்திக்கொண்டு நிற்கிறது. மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஷாஃப்ட்டைக் கையால் கொஞ்சம் திருப்பி, கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினேன். 'களுக்'கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க இன்னொரு ஆள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கியர் போட்டுப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே மூன்று, எல்லாம் விழுகிறது. இனி 90 நம்பர் ஆயில் ஊற்றி, கிளட்சைப் பூட்டி, வெளிமூடியைப் போட வேண்டியதுதான். பழைய ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது, வண்டிக்கு ஆகாது. தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன், நீ வந்து பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு? வந்தால் வண்டியை நீ ஓட்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உன் ஸ்கூட்டர் பழக்கத்தில் அவசரத்துக்குக் கைதான் பிரேக்கைத் தேடும், முதலில் நம் தெருவுக்குள்ளேயே இரண்டு ரவுண்டு போய்ப் பழகு. நான் பின்னால் உட்காருகிறேன்.

அம்மா இட்லிப் பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள். பதில் போடு.

அன்புடன்,
அப்பா