பிரசவத் தேதியும் வீட்டுப் பதற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்காக மன்னார்குடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவள் சென்னையில் காட்டிவந்த தனியார் மருத்துவமனையின் கோப்பில், முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் வட்டமிட்டு, 'ஏப்ரல் 9' என்று எழுதியிருந்தார்கள். இன்று ஏப்ரல் 13. வலி இன்னும் எடுக்கவில்லை. தாயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாகவே இருக்கிறார்கள் என்று நேற்றுகூட மருத்துவர் சொல்லியனுப்பினார். ஆனால் அந்தச் சிவப்பு வட்டம் இந்த நான்கு நாட்களில் எங்கள் வீட்டைப் படுத்தும் பாட்டைச் சொல்லி முடியாது. எங்களைப் போல இன்று எத்தனையோ வீடுகளில் நிறைமாதக் கர்ப்பிணியைச் சுற்றி உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், பட்டதை எழுதுகிறேன்.

மார்ச் மாதக் கடைசியிலிருந்தே வீட்டின் நடைமுறை மாறிவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை தயாராக இருக்கிறது. அதில் தாய் சேய் நல அட்டை, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குத் தேவைப்படும் கர்ப்பப் பதிவு எண் எழுதிய தாள் ஆகியவற்றோடு, கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்து மடித்த என் கணவரின் பழைய வேட்டித் துணிகளும் இருக்கின்றன. பிறக்கும் முன் புதுத்துணி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இரவில் மகளின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறேன். அவள் நான்கைந்து முறை எழுந்து கழிவறைக்குப் போகிறாள், ஒவ்வொரு முறையும் "வலியா?" என்று கேட்டுவிடுகிறேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாய் கேட்டுவிடுகிறது. சூட்டு வலி வந்து சீரகக் கஷாயம் குடித்ததும் அடங்கிப்போன இரவுகள் இரண்டு. ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் மருமகன் அந்தத் தேதியை நம்பிப் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அதில் எட்டு நாட்கள் கழிந்துவிட்டன. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போகவேண்டியிருக்குமோ என்ற கவலையில் அவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது தொலைபேசி. ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்குத் தொடங்கிய அழைப்புகள் இன்னும் ஓயவில்லை. "ஆச்சா?", "இன்னுமா ஆகலை?", "நாள் தள்ளிப்போகுதே, டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்பவர்கள் எல்லாரும் அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேற்று மாலை என் மகள் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு, "நான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரியே எல்லாரும் கேக்கறாங்கம்மா" என்று சொல்லி அழுதாள். பிரசவ நேரத்தில் மனத்தில் தெம்பு வேண்டும் என்று சொல்லுகிற நாமே அவளுடைய தெம்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தத் தேதி எப்படி வருகிறது என்பதை நாம் அறிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டினால் கிடைப்பதே பிரசவத் தேதி. அதாவது 40 வாரங்கள். 28 நாள் கொண்ட மாதமாகக் கணக்கிட்டால் சரியாகப் பத்து மாதம். 'பத்து மாதம் சுமந்து' என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் 28 நாள் சுழற்சி அமைவதில்லை. கருத்தரித்த நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் இந்தக் கணக்கை ஓரளவு திருத்திக்கொள்ள முடியும். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் காட்டும் தேதியோ இரண்டு மூன்று வாரங்கள்கூட முன்பின்னாக இருக்கலாம். ஒவ்வொரு ஸ்கேனிலும் தேதி மாறுகிறதே என்று கலங்கும் தாய்மார்களுக்கு யாராவது இதைச் சொல்லவேண்டும். குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரங்கள் நிறைந்தபின் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று யாரும் சொல்வதில்லை. 42 வாரங்களைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் நாள் கடந்த கர்ப்பம் என்கிறார்கள். 41 வாரங்கள் நிறைந்தும் வலி எடுக்காவிட்டால் மருந்து கொடுத்து வலி வரவழைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. இந்தக் கணக்குப்படி என் மகளுக்கு மார்ச் 19-ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் 16-ஆம் தேதிவரை எந்த நாளும் பிரசவ நாளாக இருக்கலாம். இதை முதலிலேயே ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால் மருமகன் விடுப்பை வேறு விதமாக எடுத்திருப்பார். உறவினர்களுக்கும் நாங்கள் 'ஏப்ரல் நடுவில்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டிருப்போம்.

எங்கள் வீட்டில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாளை சித்திரை பிறக்கிறது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடிக்கு ஆகாது என்ற பேச்சு இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அக்கினி வெயிலில், தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில், பச்சை உடம்புக்காரியும் பச்சிளங்குழந்தையும் துன்பப்படக் கூடாது என்பதற்காக முன்னோர் ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைத்தார்கள் என்பது நான் புரிந்துகொண்ட காரணம். மின்விசிறியும் மருத்துவமனையும் இல்லாத காலத்துக்கு அது பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த அக்கறை இன்று, "பங்குனி முடியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துடச் சொல்லுங்க" என்ற வற்புறுத்தலாக வந்து நிற்கிறது. நெருங்கிய உறவினர் ஒருவர் ஜோதிடரிடம் குறித்து வாங்கிய நல்ல நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியே விட்டார். சம்பந்தியம்மாள்தான், "பொண்ணு உடம்பை வெச்சு நேரம் பாக்க வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் அந்தப் பேச்சை முடித்தார்கள். அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

2019-21 காலத்தில் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள். அகில இந்திய அளவில் அது 21.5 விழுக்காடு. இவற்றில் பெரும்பகுதி நல்ல நேரத்துக்காக நடந்தவை என்று நான் சொல்லவரவில்லை. உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சையை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் மருத்துவக் காரணம் இல்லாமல், 39 வாரங்கள்கூட நிறையும் முன், நட்சத்திரத்துக்காக வயிற்றைக் கிழித்து எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும், தாயின் கருப்பையில் விழும் தழும்பு அடுத்த பிரசவத்தையும் பாதிக்கக்கூடும் என்பதும் மருத்துவர்கள் சொல்லிவரும் உண்மைகள். தேதி தாண்டிவிட்டதே என்ற பயம்தான் பல வீடுகளில் இந்த அவசரத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

தேதியையே பார்த்துக்கொண்டிருந்ததில், பார்க்கவேண்டியதை நான் பார்க்கத் தவறினேன். இதைச் சொல்வதற்காகவே இக்கடிதத்தைத் தொடங்கினேன். எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் மகளுக்கு ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். இரவு சாப்பிட்டபின் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு, குழந்தை அசையும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போடவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்துக் கொட்டைகள் விழவேண்டும். முதலில் எங்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. டம்ளரில் 'டிங்' என்று ஒலி கேட்கும்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, "ஆறு" என்பார், "ஏழு" என்பார்.

ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு இரண்டு மணி நேரமாகியும் நான்கு கொட்டைகள்தான் விழுந்தன. "தலை கீழே இறங்கிடுச்சு, உள்ளே இடம் பத்தலை, கடைசியில அசைவு குறையத்தான் செய்யும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். நானும் இரண்டு பெற்றவள். நானும் அதையே நம்பியிருந்தேன். "தூங்கு, காலையில பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். மகள்தான், "குறைஞ்சா உடனே வரணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்கம்மா" என்று பிடிவாதமாக எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தே முக்கால் மணிக்கு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். பணியிலிருந்த செவிலியர் வயிற்றில் பட்டையைக் கட்டிக் கருவியை ஓடவிட்டார். முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. அவர் பட்டையைச் சற்று நகர்த்தி வைத்ததும், இரவில் தூரத்து வயலில் ஓடும் மோட்டார் பம்பைப் போல ஒரே சீரான துடிப்பு அறை முழுவதும் கேட்டது. திரையில் 140 என்று காட்டியது. 110-க்கும் 160-க்கும் இடையில் இருந்தால் நல்லது என்றார். என் மகள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்திய தடம் மறுநாளும் இருந்தது.

அப்போது அந்தச் செவிலியர் எங்களிடம், "நிறைமாசத்துல அசைவு குறையும்ங்கறது தப்பு. அசையற விதம் மாறும், உதைக்கறதுக்குப் பதிலா புரளும், நெளியும். ஆனா அசைவு குறையவே கூடாது. இந்த நேரத்துல ஏன் வந்தீங்கன்னு இங்க யாரும் திட்டமாட்டோம். காலையில பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க" என்றார். குழந்தை வயிற்றுக்குள் இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று தூங்கி எழுவது இயல்பு என்பதால்தான் இரண்டு மணி நேரக் கணக்கு வைக்கிறார்கள் என்பதையும் அவர் விளக்கினார். எங்களுக்கு நல்லபடியாக முடிந்தது. ஆனால் என் பேச்சைக் கேட்டு மகள் தூங்கியிருந்து, குழந்தைக்கு உண்மையிலேயே ஏதேனும் நேர்ந்திருந்தால், காலையில் போவதால் பயன் இருந்திருக்காது. அந்த இரவிலிருந்து என்னால் அந்த நினைப்பை ஒதுக்கமுடியவில்லை.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாகச் சுகாதாரத் துறையையும் தனியார் மருத்துவமனைகளையும் கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பிணியின் கோப்பில் ஒற்றைத் தேதிக்கு வட்டமிடாதீர்கள். 'இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை பிரசவம் ஆகலாம். இந்த நாளுக்குப் பிறகும் வலி எடுக்காவிட்டால் தவறாமல் வரவும்' என்று தமிழில் எழுதிக்கொடுங்கள். அதன் கீழே, அந்தத் தேதியைவிடப் பெரிய எழுத்தில், 'அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, தாங்கமுடியாத தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ, எந்த நேரமானாலும் உடனே வரவும்' என்று எழுதுங்கள். பரிசோதனைக்கு வரும்போது கணவரையும் மாமியாரையும் அம்மாவையும் உள்ளே அழைத்து ஐந்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். தவறாக முடிவெடுப்பவர்களும் நாங்கள்தான். அங்கன்வாடி மையங்கள் வழியாக நடக்கும் சமுதாய வளைகாப்பு விழாக்களில் வளையலும் குங்குமமும் கலவை சாதமும் கொடுக்கிறார்கள். மனம் நிறைந்த விழா அது. அந்த மேடையிலேயே அசைவை எண்ணும் முறையையும் செய்து காட்டினால் ஒரே நாளில் ஐம்பது குடும்பங்களுக்காவது போய்ச் சேரும். அவசரத்துக்கு 108 என்பது எல்லாருக்கும் மனப்பாடம். சந்தேகம் கேட்க 104 என்று ஓர் எண் இருப்பதும் அங்கேயே தெரிவிக்கப்படவேண்டும்.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறந்தால் நாங்களே முதலில் உங்களைத்தான் அழைப்போம். அதுவரை கர்ப்பிணியை அழைக்கவேண்டுமென்றால், சாப்பிட்டாயா, தூங்கினாயா, பிள்ளை நன்றாக அசைகிறதா என்று கேளுங்கள். "ஆச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வருகிற 16-ஆம் தேதி காலையில் வந்து படுக்கையில் சேரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் வலி வந்தாலும் வரலாம். ஓசூரில் மேற்பார்வையாளரிடம் பேசி மருமகன் இன்னும் நான்கு நாள் விடுப்பு கேட்டிருக்கிறார்; பதில் வரவில்லை. இன்றிரவு எட்டரை மணிக்கு மகள் எண்ணத் தொடங்கினாள். ஒன்பதேகாலுக்குள் பத்துக் கொட்டைகளும் டம்ளரில் விழுந்துவிட்டன. பதினொன்றாவதைத் தாத்தா தாமே எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
மன்னார்குடி.