எதிர் ஹைட்ரஜன் மேலே மிதக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹைட்ரஜனின் எதிர்ப்பொருள் வடிவமான எதிர் ஹைட்ரஜன் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில் இரண்டு திருத்தங்கள்.

அந்த அணுவை மின்புலத்தால் பிடித்து வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் கூறுகளான ஆன்டிபுரோட்டானும் (எதிர் மின்னூட்டமுள்ள புரோட்டான்) பாசிட்ரானும் (நேர் மின்னூட்டமுள்ள எலெக்ட்ரான்) தனித்தனியே இருக்கும்வரை அது சரி. சேர்ந்து அணுவாகிவிட்டால் மொத்த மின்னூட்டம் பூஜ்யம். மிஞ்சுவது அணுவின் சிறு காந்தத்தன்மைதான். அதனால்தான் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு மீக்கடத்திச் சுருள்களால் பொறி கட்டியது: சுற்றிலும் எட்டுமுனைக் காந்தம், இரு முனையிலும் வளையச் சுருள்கள், நடுவில் புலம் குறைந்த பள்ளம். அரை கெல்வினுக்கு மேல் (தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து அரை டிகிரி) சூடான அணு அதில் நிற்காது, சாதாரணப் பொருளாலான சுவரில் மோதி அழியும். ஆயிரக்கணக்கில் உருவானாலும் தங்குவது பத்து, இருபது. 2010-ல் பிடிபட்டவை 38. காத்த நேரம் 0.17 நொடி. மறு ஆண்டே 1,000 நொடி ஆனது.

அடுத்தது, எதிர் ஹைட்ரஜன் ஈர்ப்பில் கீழே விழாமல் 'மேலே மிதக்கும்' என்ற வரி. 2023-ல் வெளியான ஆல்ஃபா குழுவின் முடிவு இதற்கு நேர்மாறு. டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது எளிது. பார்வைக்குச் சமமாகக் கிடக்கும் வயலில் இரு பக்க வரப்பையும் ஒரே அளவு வெட்டிவிட்டால், எந்தப் பக்கம் தண்ணீர் கூடுதலாக ஓடுகிறதோ அதுவே தாழ்வு. எத்தனை மண்வெட்டி மண்ணை அங்கே போட்டால் இருபுறமும் சமமாக ஓடும் என்று பார்த்தால் சரிவின் அளவும் தெரியும். ஆல்ஃபா செய்ததும் அதுவே. சுமார் 100 அணுக்களைச் சேர்த்து, மேல், கீழ்ச் சுருள்களின் மின்னோட்டத்தை 20 நொடியில் குறைத்தார்கள். அணு அழியும்போது சிதறும் பையான் என்னும் துகள்களின் தடத்தை வைத்து, அது எந்த முனையில் வெளியேறியது என்று எண்ணினார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதே போன்ற தடம் விடும். அவற்றைக் கழித்தாக வேண்டும்.

சுருள்களுக்கு இடையே சுமார் 25 செ.மீ. அந்த உயரத்துக்கு ஈர்ப்பை ஈடுகட்ட இரு சுருள்களின் காந்தப்புலத்துக்கு இடையே 4.5 காஸ் (காந்தப்புல அலகு) வித்தியாசம் போதும். பள்ளத்தின் ஆழமோ பல ஆயிரம் காஸ்! சுருள்கள் துளி பிசகினாலும் ஈர்ப்பு போலவே பொய்க்கணக்கு காட்டும். அணுக்களுக்கு வெப்ப வேகம் இருப்பதால் எல்லாமே கீழே விழுவதும் இல்லை. சுமார் 80 சதவீதம் கீழே, மற்றவை மேலே. கட்டுரையாளரைக் குழப்பியது அந்த மீதிதான் போலும்.

முடுக்கம், நமது ஈர்ப்பு முடுக்கத்தில் 0.75 மடங்கு என்று கிடைத்தது. பிழை வரம்புகள் 0.13, 0.16 என்பதால் சாதாரணப் பொருளின் 1 மடங்கோடும் இது ஒத்துப்போகிறது; 'எதிர்ப்பொருள் மெதுவாக விழுகிறது' என்று தலைப்பிடவும் இடமில்லை.

கட்டுரையோடு வந்த படத்தில் பொறி படுத்திருக்கிறது. அது நிறமாலை ஆய்வுக்கானது. ஈர்ப்பை அளந்த ஆல்ஃபா-ஜி நிமிர்ந்து நிற்பது.

இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்