ஒயில் மாற்றியதும் அக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள்: கொழும்பு வாகன சேவை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள வாகன சேவை நிலைய உரிமையாளர்களுக்கும் அங்கே பாடுபடும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

பழைய ஒயிலை வடித்து, புதிய பில்டரைப் பூட்டி, புதிய ஒயிலை ஊற்றிய கையோடு என்ஜினை முடுக்கி உறுமவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அண்மையில் நகரிலுள்ள ஒரு சேவை நிலையத்தில் கண்டது இது. இளைஞர் ஒருவர் பில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, இறப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஒயில்கூடத் தடவாமல் முறுக்கிப் பூட்டினார். சற்று நேரத்தில் என்ஜின் இரைந்தது. டாஷ்போட்டில், ஒயில் அழுத்தம் போதவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அவருடைய கால் அக்சிலரேட்டரில் இருந்தது. வெளியே வாகனங்கள் வரிசையில் நின்றன. அவர்மீது எனக்குக் கோபமில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

புதிய பில்டர் வெறும் கூடு. ஒயில் பம்ப் முதலில் அதை நிரப்பிய பிறகுதான் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் மேலே கேம் தண்டுக்கும் அழுத்தத்தோடு ஒயில் போய்ச் சேரும். அந்தச் சில விநாடிகளுக்கு, முன்பு ஒட்டியிருந்த மெல்லிய ஒயில் படலம் மட்டுமே உலோகத்தைக் காக்கிறது. மெதுவான ஓட்டத்தை அது தாங்கும். வேகத்தை ஏற்றினால் தாங்குமென்று சொல்ல முடியாது. டர்போ பூட்டிய என்ஜினில் இன்னும் கவனம் வேண்டும். டர்போவின் தண்டு அதிவேகமாகச் சுழல்வது, அதற்கும் இதே ஒயில்தான்.

பில்டர் வாய் மேல்நோக்கி நிற்கும்படி பூட்டப்படும் வாகனங்களில், பூட்டுமுன் அதில் ஒயிலை ஊற்றுங்கள். நடுத்துளையில் ஊற்ற வேண்டாம். அது வடிகட்டிய ஒயில் வெளியேறும் வழி. அங்கே விழும் தூசு நேரே பேரிங்குக்குப் போகும். சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, உள்ளிருக்கும் தாள் ஒயிலைக் குடிக்கும்வரை பொறுத்து மறுபடி ஊற்றுங்கள். படுக்கையாகவோ தலைகீழாகவோ பூட்டும் பில்டரை நிரப்ப முடியாது. அப்போது என்ஜின் பற்றாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடிகள் சுற்றவிடலாம். பெற்றோல் இன்ஜெக்‌ஷன் வாகனங்கள் பலவற்றில் அக்சிலரேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் எரிபொருள் நின்றுவிடும். எல்லாவற்றிலும் அப்படியில்லை, ஆகவே அந்த வாகனத்தின் கைநூலைப் பாருங்கள். ஹைபிரிட்டில் என்ஜினை எப்போது சுற்றுவது என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. அதில் இந்த உத்தியை முயல வேண்டாம்.

எந்த வாகனமானாலும், என்ஜின் பற்றிய பிறகு அந்தச் சிவப்பு விளக்கு அணையும்வரை அக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். சில விநாடிகளில் அணையவில்லையென்றால் உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அணைந்தால் சற்று ஓடவிட்டு, பூட்டிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, ஒயில் கீழே இறங்கும்வரை சில நிமிடங்கள் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். வெறும் பில்டர் பூட்டியிருந்தால் அது தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும், மட்டம் இறங்கியிருக்கும்.

ஒருமுறை அவசரப்பட்டதால் என்ஜின் இறுகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். இப்போதைய என்ஜின்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வாகனமும், கழற்றிப் பூட்டிய என்ஜினும் வேறு கதை. அவற்றில் ஒயிலை முன்கூட்டியே ஏற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடித்தேடி, இருந்த காரையே ஓட்டிச் சமாளித்த குடும்பங்கள் எத்தனையோ. இன்றைய விலையில் இன்னொரு கார் அவர்களுக்கு எட்டாது. உங்கள் மேடையில் ஏறுவது அப்படிப்பட்ட வீட்டின் ஒரே வாகனமாகவும் இருக்கலாம்.

ஆகவே உரிமையாளர்களே, இந்த வேலைமுறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒயில் பீப்பாய்க்கு மேலே ஒட்டிவையுங்கள். புதிதாகச் சேரும் தம்பிமாருக்கு முதல் நாளே செய்து காட்டுங்கள். இதற்குக் கூடுதலாக ஆகும் நிமிடங்களுக்குக் கூலி வேண்டுமென்றால் பட்டியலில் தனியாகப் போடுங்கள். நான் மனமுவந்து தருவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு கார் உரிமையாளர்