சுருக்கெழுத்து கிறுக்கல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பழைய நோட்டைப் புரட்டிய பேத்தி, "தாத்தா, உங்க கர்சிவ் புரியவே இல்லையே" என்றாள். அது கர்சிவ் அல்ல, பேச்சை அதன் வேகத்திலேயே குறித்துக்கொள்ள உதவும் பிட்மன் சுருக்கெழுத்து. பெரியவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது.

கர்சிவ் என்னும் கூட்டெழுத்தில் பேனாவை அதிகம் தூக்காமல் எழுத்துகளைக் கோத்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'போன்' (phone) என்று எழுத ஐந்து எழுத்தும் வேண்டும். ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறையிலோ காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. 'போன்' என்பதற்கு ஒரு வளைவும் நுனியில் ஒரு கொக்கியும் போதும். பென்சிலை லேசாக இழுத்தால் 'பட்டு'வில் வரும் ப. அதே கோட்டை அழுத்தினால் 'கம்பு'வில் வரும் ப. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கோடும். வேகத்தில் அவற்றையும் விட்டுவிடுவோம். கோடு வரிக்கு மேலா, வரியிலா, வரியை வெட்டியா என்பதை வைத்தே படித்துவிடலாம்.

தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறிய எத்தனையோ பேருக்கு இந்தக் கோடுகள்தான் சோறு போட்டன. மத்திய அரசின் ஸ்டெனோகிராபர் தேர்வில் இன்றும் நிமிடத்துக்கு 80, 100 சொற்கள் கேட்கிறார்கள். தாராவி, மாட்டுங்கா தமிழ்ச் சங்கங்கள் விடுமுறையில் ஒரு வகுப்பு தொடங்கினால், சம்பளமின்றிக் கற்றுத்தர நான் தயார்.

– ஓய்வுபெற்ற ஸ்டெனோகிராபர், மாட்டுங்கா, மும்பை